மூணு நாள் குடுங்க முதலாளி!

எம்.டி. ரூமிலிருந்து அழைப்பு. போனேன்.

"எல் அண்ட் டி-யைப் பாருங்க. 2035-க்குள்ள தண்ணியிலயும், 2040-க்குள்ள கார்பன்லயும் கணக்கை நேர் பண்ணிடறதா அறிவிச்சுப் போட்டாங்க. நம்ம கம்பெனிக்கும் அப்படி ஒரு நீண்ட காலத் திட்டம் வேணுமுங்க. வெள்ளிக்கிழமைக்குள்ள எழுதிக் குடுத்துருங்க!"

2040-க்கான திட்டம். அதற்கு அவகாசம் நாலு நாள். ஆபீஸ் என்றால் அப்படித்தானே!

ராத்திரி கண் விழித்து எழுதினேன். சைட்டைச் சுற்றி வேப்பங்கன்று... ஜெராக்ஸ் பேப்பரில் இரண்டு பக்கமும் பிரிண்ட்... ஆபீஸ் ஏ.சி. 26 டிகிரியில்... மொத்தம் பத்துப் பக்கம். எனக்கே என் மேல் ஒரு மரியாதை வந்துவிட்டது.

மறுநாள் சரவணம்பட்டி சைட்டில் மேஸ்திரியிடம் பெருமையாகப் படித்துக் காட்டினேன். பொறுமையாகக் கேட்டவர், "ஏனுங்க சார்... இதுல சிமென்ட்டப் பத்தி ஒண்ணையுமே காணமுங்களே?" என்றார்.

சுருக்கென்றது. ரவையை விட்டுவிட்டு உப்புமா செய்முறை எழுதியிருக்கிறேன்!

மனிதர்கள் உலகம் பூராவும் வெளியே விடும் கார்பன் டை ஆக்சைடில் ஏழெட்டு சதவிகிதம் சிமென்ட் உபயம். அதிலும் பாதிக்கு மேல், எரிக்கிற நிலக்கரியால் வருவதில்லை. சுண்ணாம்புக்கல் சூட்டில் உடையும்போது அதற்குள்ளிருந்தே வருவது. நம்ம மதுக்கரைக்கு 1930-களிலேயே சிமென்ட் ஆலை வந்ததற்குக் காரணம் அந்தக் கல்தான். மொட்டை மாடியில் எத்தனை சோலார் வைத்தாலும் கல் விடுகிற மூச்சை நிறுத்த முடியாது. கல்லைக் குறைத்தால்தான் உண்டு.

வழி இருக்கிறது. மேட்டூர் மாதிரி அனல் மின் நிலையங்களின் சாம்பலை 35 சதவிகிதம் வரை சிமென்ட்டில் கலக்கலாம். நம் தர விதியே அனுமதிக்கிறது.

"கலக்கலாமுங்க சார். ஆனா நிதானமாத்தான் இறுகும். அவசரப்பட்டா ஆகாதுங்க" என்றார் மேஸ்திரி. விதியும் அதைத்தான் சொல்கிறது. சாதா சிமென்ட்டுக்குக் குறைந்தது 7 நாள் ஈரம் காக்க வேண்டும். சாம்பல் கலந்ததற்கு 10 நாள். பலகை பிரிப்பதும் தள்ளிப் போகும்.

"பத்து நாளைக்குத் தண்ணிக்கு எங்கே போறது? டேங்கர்காரன் சொத்தை எழுதிக் கேப்பானே!"

"தூணுக்குச் சாக்கு சுத்தி நனைச்சு உட்டா பாதித் தண்ணி மிச்சமுங்க. மண்ணும் தண்ணியும் நம்மளக் கேட்டுட்டா தீருதுங்க?"

அவருக்குச் சொந்த ஊர் தடாகம் பக்கம். செம்மண்ணைத் தோண்டித் தோண்டி யானை நடக்கிற பாதையெல்லாம் பள்ளமாகி, கடைசியில் 2021-ல் அனுமதியில்லாத சூளைகளை இழுத்து மூடினார்கள். இருபது வருஷம் கழித்துச் செங்கல் எங்கிருந்து வரும் என்று யாராவது முன்கூட்டியே உட்கார்ந்து யோசித்திருந்தால், அதற்குப் பெயர்தான் நீண்ட காலத் திட்டம்!

பத்துப் பக்கத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு ஒரே பக்கம் எழுதினேன். சாம்பல் சிமென்ட், சாம்பல் செங்கல், இடித்த கட்டடத்துக் கல்லை அரைத்து மறுபடி உபயோகிப்பது, ஈரச் சாக்கு. கடைசி வரி: 'ஒவ்வொரு மாடிக்கும் மூன்று நாள் கூடுதல் அவகாசம்.'

எம்.டி. மற்றதையெல்லாம் பார்த்துத் தலையாட்டினார். கடைசி வரியில் பேனா நின்றது.

"2040-க்கு இப்பவே கையெழுத்துப் போடறேனுங்க. இந்த மூணு நாள்தான்... சாவி குடுக்கிற தேதி தள்ளிப் போனா பார்ட்டிக்கு நானில்ல பதில் சொல்லோணும்?"

"மூணு நாளே குடுக்க முடியலைன்னா 2040 எப்படி சார் வரும்?" கேட்டுவிட்டேன். வேலை போச்சு என்றுதான் நினைத்தேன்.

ரொம்ப நேரம் மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "ஒரே ஒரு சைட்டுல செஞ்சு பாருங்க" என்றார்.

இன்றைக்கு எட்டாம் நாள். சரவணம்பட்டியில் தூண்களெல்லாம் ஈரச் சாக்குப் போர்த்திக்கொண்டு நிற்கின்றன. எம்.டி. தினமும் காலையில் போன் பண்ணி, "இறுகிருச்சுங்களா?" என்கிறார்.

"இன்னும் ரெண்டு நாளுங்க" என்கிறார் மேஸ்திரி, நிதானமாக.