யாரது? சொல் பார்க்கலாம்!



நான் பேராக் மாநிலத்து ரப்பர்த் தோட்டமொன்றின் லயத்தில் வளர்ந்தவள். விடியுமுன் பெரட்டுக்குப் போகிறவர்களின் உருவம் இருட்டில் நிழலாகத்தான் தெரியும். பிள்ளைகள் அஞ்சடியில் உட்கார்ந்து, "யாரது, சொல் பார்க்கலாம்" என்று விளையாடுவோம். தோளில் சாய்ந்த காண்டா வாளியையும் நடையையும் வைத்தே ஆளைச் சொல்லிவிடுவோம். எங்களுக்கு அது விடுகதை!

இதே விளையாட்டு பிற்காலத்தில் தொலைக்காட்சிப் பெட்டிக்குள்ளும் வந்தது. ஜப்பானில் 1997 ஏப்ரலில் தொடங்கிய போக்கிமோன் என்ற கார்ட்டூன் தொடர் உங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்குத் தெரிந்திருக்கும். கதையின் நடுவே, விளம்பரத்துக்கு முன்னால், ஒரு பிராணியின் கறுப்பு நிழலை மட்டும் காட்டி "யார் இது?" என்று கேட்பார்கள். விளம்பரம் முடிந்த பிறகே விடை. 1998இல் அமெரிக்காவுக்குப் போனபோதும் அந்தக் கேள்வி கூடவே போயிற்று. ஒருமுறை வெறும் வட்டம் ஒன்றைக் காட்டினார்களாம். விடை என்ன தெரியுமா? மேலிருந்து பார்த்த ஜிக்லிபஃப்! நம் பாட்டிமார் விடுகதையில் செய்யும் குறும்பு இதுதானே?

2005இல் ஆங்கிலப் பதிப்பில் இதை மாற்றினார்கள். நிழல் போய், மூன்று விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் வினா வந்தது. பரீட்சைத் தாளைப் போலத்தான்! அதில் விடையே தப்பாக வந்ததும் உண்டு. எக்கான்ஸ் என்னும் பாம்பு வளர்ந்தால் ஆர்பாக் ஆகும் என்பது பிள்ளைகளுக்கு மனப்பாடம். நிகழ்ச்சியோ செவைப்பர் என்ற வேறொரு பாம்பைச் சொல்லிவிட்டது! அந்த முறை நிலைக்கவில்லை. பின்னாளில் பழைய நிழல் கேள்வியே திரும்பி வந்தது.

"டீச்சர், கார்ட்டூன் கதை நமக்கெதற்கு?" என்று கேட்பீர்கள். சொல்கிறேன்.

நான் பயிற்சி முடித்து வேலைக்கு வந்த புதிதில், என் வகுப்பில் வாயே திறக்காத பையன் ஒருவன் இருந்தான். கேள்வி கேட்டால் தலையைக் குனிந்துகொள்வான். 'மந்தம்' என்று நானே முடிவு கட்டிவிட்டேன். ஒரு நாள் இடைவேளையில், நண்பன் கரும்பலகையில் நிழல் நிழலாக வரைய, இவன் ஒவ்வொன்றுக்கும் பெயர் சொல்லிக்கொண்டிருந்தான். நூற்றைம்பதுக்கு மேற்பட்ட பெயர்கள்! ஒன்றுகூடத் தவறவில்லை என்று பிள்ளைகள் சத்தியம் செய்தார்கள். எனக்கு வெட்கமாகிவிட்டது.

மந்தம் அவனிடம் இல்லை. அவசரம் என்னிடம் இருந்தது. மேரி பட் ரோ என்ற அமெரிக்கக் கல்வியாளர் வகுப்பறைகளை ஆராய்ந்து 1974இல் எழுதினார். ஆசிரியர்கள் கேள்வி கேட்டுவிட்டுச் சராசரி ஒரு விநாடிதான் காத்திருந்தார்களாம். அதை மூன்று விநாடியாக்கியபோது, பிள்ளைகளின் விடை நீண்டது. "தெரியாது" என்பதும், பேசாமல் நிற்பதும் குறைந்தன. அந்தக் கார்ட்டூன் விளம்பரம் முடியும்வரை காத்திருந்தது. நானோ ஒரு விநாடிகூடக் காத்திருக்கவில்லை.

மறுநாள் முதல் கேள்வி கேட்டுவிட்டு மனத்துக்குள் மூன்று எண்ணினேன். மூன்றாம் வாரம் அவன் கை உயர்ந்தது. விடை தவறுதான். ஆனாலும் அன்று வீட்டில் பாயசம் வைத்தேன்!

பெற்றோர்களே, வேலை முடிந்து களைத்து வரும்போது, "சீக்கிரம் சொல்லு, அதுகூடத் தெரியாதா?" என்று நாமும் சொல்லிவிடுகிறோம். அந்தச் சொல் பிள்ளையின் வாயைப் பூட்டிவிடும். சோறு உண்ணும் வேளையில் ஒரு விடுகதை போடுங்கள். பிறகு சும்மா இருங்கள். விடையை நீங்களே சொல்லிவிடாதீர்கள்.

நாங்கள் நிழல் பார்த்த தோட்டத்தில் இன்று ரப்பர் இல்லை, செம்பனை நிற்கிறது. லயத்து மக்கள் ஈப்போவுக்கும் பிற ஊர்களுக்கும் போய்விட்டார்கள். விளையாட்டையாவது கூட எடுத்துச் செல்வோமே!

இதோ, நானே கட்டிய விடுகதை: கீறிய கைக்கே பால் தருவாள், அந்தப் பாலை எந்தப் பிள்ளையும் குடித்ததில்லை. யாரவள்?

விடை அடுத்த இதழில். அதுவரை காத்திருப்பீர்கள்தானே?