மஞ்சள் விளக்கை அணைப்பது எப்படி?

தஞ்சாவூர்ப் பக்கம் தை அறுவடை முடிந்து, கிராமத்திலிருந்து பட்டணத்துக்குக் கிளம்புகிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். டிக்கியில் இரண்டு மூட்டை அரிசி, பத்துப் பதினைந்து தேங்காய். பின் ஸீட்டில் பாட்டியும் குழந்தைகளும். விடியற்காலைக் குளிரில் காரைக் கிளப்பியதும், ஸ்டியரிங்குக்கு முன்னால் ஒரு மஞ்சள் விளக்கு எரிகிறது. குதிரை லாடம் போன்ற வடிவம். நடுவே ஓர் ஆச்சரியக்குறி. டயரில் காற்று குறைவு என்று அர்த்தம்.

"வெயில் ஏறினால் தானே அணைந்துவிடும்" என்பார் காரோட்டுகிறவர். அவர் சொல்வது பொய்யல்ல, அதுதான் சங்கடம்! வெப்பம் 10 டிகிரி சென்டிகிரேட் குறைந்தால் டயரில் ஏறக்குறைய 2 பவுண்டு அழுத்தம் குறையும். ஓட ஓட டயர் சூடேறி அழுத்தம் கூடும், விளக்கும் அணையலாம். ஆனால் காற்றின் குறை தீர்ந்துவிடவில்லை. அப்படிப்பட்ட டயர் பாரத்தில் நசுங்கி நசுங்கிச் சுழல்கிறது. அளவுக்கு மீறிச் சூடாகி வெடித்துவிடவும் கூடும். அமெரிக்காவில் ஓடும்போதே டயர்கள் பிய்ந்து பலர் மாண்ட பிறகு, 2000-ல் இதற்கென்று ஒரு சட்டமே செய்தார்கள். நம் பக்கத்துச் சாலைகளிலோ ஓரத்தில் வாய்க்கால். அறுவடைக் காலத்தில் பாதி ரோட்டில் நெல் காயும். ஒதுங்க இடம் ஏது?

ஆகவே, விளக்கு எரிந்தால் பதற வேண்டாம். வேகத்தைக் குறைத்து, அகலமான இடமாகப் பார்த்து நிறுத்தி, நான்கு டயர்களையும் பாருங்கள். ஏதாவதொன்று சப்பையாகக் கிடந்தால் மேலே ஓட்டக் கூடாது. இல்லையேல் மெதுவாக அடுத்த பெட்ரோல் பங்குக்குப் போகலாம்.

எவ்வளவு காற்று? டிரைவர் பக்கத்துக் கதவைத் திறந்தால், நிலையில் ஒரு சீட்டு ஒட்டியிருக்கும். அதில் உள்ளதுதான் கணக்கு. டயரின் மேல் பொறித்திருப்பது உச்ச வரம்பு. அதை நிரப்பக் கூடாது. பல கார்களில் பாரம் ஏற்றினால் எவ்வளவு என்று தனியாகவும் போட்டிருக்கும். அரிசி மூட்டைக்கு அதுவே பொருந்தும்! கார் மூன்று மணி நேரம் நின்று, டயர் ஆறியிருக்கும்போது அளப்பது சிலாக்கியம்.

சில கார்களில் சக்கரத்துக்குள்ளேயே அளக்கும் கருவி உண்டு. காற்றடித்துச் சிறிது தூரம் ஓட்டினால் விளக்கு அணைந்துவிடும். வேறு சிலவற்றில் சக்கரம் சுழலும் வேகத்தைக் கொண்டே குறையைக் கண்டுபிடிக்கிறது. அவற்றில் காற்றடித்த பின் ஒரு பொத்தானை அமுக்க வேண்டும். காற்றடிக்காமலே அமுக்கினால், குறைந்த காற்றையே சரியென்று கார் எடுத்துக்கொண்டு, அப்புறம் வாயைத் திறக்காது. "பால் பொங்குகிறதம்மா!" என்று குழந்தை கத்தினால், அடுப்பைத் தணிப்போமா, குழந்தையின் வாயைப் பொத்துவோமா?

காரைக் கிளப்பியதும் ஒரு நிமிஷம் போலக் கண்சிமிட்டிவிட்டுப் பிறகு நின்று எரிந்தால், பழுது அந்தக் கருவியில்; மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.

இன்னொன்று. ட்யூப் இல்லாத டயரும், இந்த விளக்கும், பஞ்சர் ஒட்டும் சாமானும் உள்ள கார்களுக்கு ஸ்டெப்னி கட்டாயமில்லை என்று 2020-ல் நம் நாட்டு விதியைத் திருத்தினார்கள். உங்கள் டிக்கியில் ஸ்டெப்னி இருக்கிறதா, இருந்தால் அதில் காற்று இருக்கிறதா என்று மூட்டையை ஏற்றுவதற்கு முன்பே பார்த்துவிடுங்கள்.