ஸ்கூட்டருக்கு உண்டு, பந்தயக் காருக்கு இல்லை

காலேஜுக்குக் கிளம்பும் பெண்ணின் ஸ்கூட்டரில் கியர் கிடையாது. ஆக்ஸிலரேட்டரைத் திருகினால் போதும், வண்டி வேகமெடுக்கும். 1980களில் கைனடிக் ஹோண்டா நம் தெருக்களுக்குக் கொண்டுவந்த இந்த வசதியில் அதிசயம் எதுவும் இருப்பதாக இன்று யாரும் நினைப்பதில்லை. ஆனால் கோடிகளைக் கொட்டி உருவாக்கப்படும் ஃபார்முலா ஒன் பந்தயக் காரில் இதே தத்துவத்தைப் பொருத்தினால் அந்தக் கார் பந்தயத்தில் நிற்கவே முடியாது. 1994-ல் வந்த விதி அதைத் தடை செய்துவிட்டது.

தத்துவம் எளிது. இரண்டு புல்லிகள், நடுவே ஒரு பெல்ட். புல்லிகளின் பக்கங்கள் நெருங்கி விலகும்போது பெல்ட் சுற்றும் வட்டம் பெரிதாகவோ சிறிதாகவோ ஆகிறது. ஒன்று, இரண்டு, மூன்று என்று படிகள் இல்லை. வழுக்குச் சரிவு மாதிரி. சி.வி.டி. என்பார்கள். பந்தயக் காருக்கு இதில் என்ன லாபம்? எந்த எஞ்சினும் ஒரு குறிப்பிட்ட சுழற்சியில்தான் முழு பலத்தையும் தருகிறது. கியர் மாற்றும் ஒவ்வொரு முறையும் அந்த இடத்தைவிட்டு இறங்கி, மறுபடி ஏற வேண்டும். சி.வி.டி.யில் எஞ்சின் அங்கேயே நிற்கும், கார் மட்டும் வேகமெடுக்கும்.

ஹாலந்தின் வான் டோர்னே நிறுவனத்தின் எஃகு பெல்ட்டை வைத்து பிரிட்டனின் வில்லியம்ஸ் அணி இதைச் செய்து பார்த்தது. 1993-ல் வேல்ஸில் உள்ள பெம்ப்ரே பந்தயப் பாதையில், அப்போது சோதனை ஓட்டுநராக இருந்த டேவிட் கூல்ட்ஹார்ட் அதை ஓட்டினார். வளைவிலும் நேர்ப்பாதையிலும் எஞ்சின் ஒரே சுருதியில் அலறியதுதான் பார்த்தவர்களுக்கு வினோதம். அவ்வளவு குதிரைச் சக்தியை ஒரு பெல்ட் முழு பந்தயத்துக்கும் தாங்குமா என்பது நியாயமான சந்தேகம். பந்தயத்தில் ஓடியிருந்தால் விடை கிடைத்திருக்கும். அதற்குள் சர்வதேச அமைப்பான எஃப்.ஐ.ஏ.யின் 1994 விதிகள் வந்துவிட்டன: கியர்கள் நான்குக்குக் குறையக்கூடாது, ஏழுக்கு மேல் போகக்கூடாது. சி.வி.டி.க்குத் தனியாகவும் ஒரு தடை.

ஓட்டுநரின் திறமையைக் காப்பாற்ற வேண்டும், செலவைக் குறைக்க வேண்டும் என்று காரணம் சொன்னார்கள். தானாக மாறும் கியர், சக்கரம் வழுக்காமல் தடுக்கும் கருவி, ஆக்டிவ் சஸ்பென்ஷன் எல்லாம் ஒரே வீச்சில் போயின. இதில் பலவற்றுக்கு நானும் கை தூக்கியிருப்பேன். ஆனால் ஸ்டியரிங்குக்குப் பின்னால் விரலால் தட்டி கியர் மாற்றும் முறை மட்டும் எப்படித் தப்பியது? ஜான் பர்னார்ட் வடிவமைத்த ஃபெராரியில் 1989-ல் பிரேசில் பந்தயத்தில் அது அறிமுகமானது. கார் பாதிவழி தாண்டாது என்றே நைஜல் மான்ஸல் நினைத்திருந்தார், ஜெயித்தார். 1993 வாக்கில் முன்னணி அணிகள் எல்லாவற்றிடமும் அது இருந்தது. சி.வி.டி. வில்லியம்ஸிடம் மட்டும்தான் இருந்தது. அதுவும் 1992, 1993 இரண்டு ஆண்டும் பட்டத்தைத் தூக்கிச்சென்ற வில்லியம்ஸ். எல்லோரிடமும் இருப்பதை யாரும் அநியாயம் என்பதில்லை.

தடை போடுவது சுலபம், காவல் காப்பது கஷ்டம். கம்ப்யூட்டருக்குள் ஒளிந்திருக்கும் கட்டளையை எப்படிப் பிடிப்பது? 1994-ல் பெனட்டன் காரின் மென்பொருளில், தானாகப் புறப்பட வைக்கும் நிரல் இருப்பது கண்டுபிடிக்கப்பட்டது; பயன்படுத்தியதற்கு ஆதாரம் இல்லை என்று விட்டுவிட்டார்கள். 2001-ல் எஃப்.ஐ.ஏ. கையை விரித்து தானியங்கி கியரை அனுமதித்தது. 2004-ல் மறுபடி தடை. 2008-ல் எல்லா அணிகளுக்கும் ஒரே மாதிரி கம்ப்யூட்டரைக் கொடுத்த பிறகுதான் காவலுக்குப் பல் முளைத்தது.

பெரிய கதவை மூடினால் பொறியாளர்கள் சும்மா இருப்பார்களா? சாவித் துவாரம் வழியாக நுழைந்தார்கள். கியர் மாறும்போது சக்கரத்துக்குச் சக்தி போகாத அந்தச் சில நூறில் ஒரு பங்கு விநாடிகளையும் ஒழிக்க 'சீம்லெஸ்' கியர்பாக்ஸ் வந்தது. 2005-ல் ஹோண்டா எஞ்சினுடன் ஓடிய பி.ஏ.ஆர். அணி முந்திக்கொண்டது, மற்றவர்களும் தங்கள் பங்குக்குச் செலவழித்து ஓரிரு ஆண்டுகளில் எட்டிப் பிடித்தார்கள். பட்ஜெட் கரைந்தது, யாருக்கும் லாபம் நிற்கவில்லை. செலவைக் குறைக்க வந்த விதியின் கதி இது.

வேறு மாதிரியும் விதி எழுதலாம். 1982-ல் தொடங்கிய 'குரூப் சி' நெடுந்தூரப் பந்தயங்களில் விதி பெட்ரோலை அளந்தது: 1000 கிலோமீட்டருக்கு 600 லிட்டர். பின்னர் அதையும் குறைத்தார்கள். அதை எப்படிச் செலவழிப்பது என்பதில் அணிகளுக்கு நிறையவே சுதந்திரம் இருந்தது. அங்கேதான் போர்ஷே, இரட்டை கிளட்ச் கியர்பாக்ஸைச் சோதித்தது. ஒரு கியர் ஓடிக்கொண்டிருக்கும்போதே அடுத்தது தயாராக நிற்கும். கனமான பெட்டி, தொல்லைகளும் இருந்தன. ஆனாலும் 1986-ல் மோன்ஸாவில் அதை வைத்து ஜெயித்தார்கள். 2003-ல் ஃபோக்ஸ்வேகன் அந்தத் தத்துவத்தைச் சாலைக் காருக்குக் கொண்டுவந்தது. இன்று இந்திய ஷோரூம்களிலும் கிடைக்கிறது.

ஃபார்முலா ஒன்னிலும் அப்படி ஒரு நல்ல விதி உண்டு. 2008-ல், ஒரு கியர்பாக்ஸ் நான்கு பந்தயங்களுக்கு உழைக்க வேண்டும், முன்கூட்டி மாற்றினால் புறப்படும் வரிசையில் ஐந்து இடம் பின்னால் போ என்றார்கள். பல்சக்கரத்தை எப்படிச் செய்வது என்று சொல்லவில்லை, எவ்வளவு நாள் உழைக்க வேண்டும் என்று மட்டும் சொன்னார்கள். அதே கையால் 2014-ல், முன்னோக்கிச் செல்ல எட்டு கியர், விகிதங்களை சீசன் தொடங்கும் முன்பே எழுதிக் கொடு என்றும் உத்தரவிட்டார்கள். அதுவரை ஒவ்வொரு பாதைக்கும் ஏற்றபடி பல்சக்கரங்களைத் தேர்ந்தெடுத்து வந்த பொறியாளர்களுக்கு அந்த வேலையும் போனது.

பெம்ப்ரேயில் ஓடிய பெட்டி ஒரு பந்தயத்திலும் இறங்கவில்லை. கூல்ட்ஹார்ட் 1995-ல் போர்ச்சுகலில் வில்லியம்ஸுக்காகத் தன் முதல் வெற்றியைப் பெற்றபோது, அவர் காரில் கியர்கள் ஒவ்வொன்றாக, சட்டப்படி, மாறிக்கொண்டிருந்தன.