பள்ளியை மூடுவதா, மணியை மாற்றுவதா?

ஏப்ரல் பிறந்துவிட்டால் நாக்பூரில் நம் தமிழ்க் குடும்பங்களில் ஒரு விவாதம் தவறாமல் கிளம்பிவிடுகிறது. "இந்த வெயிலில் குழந்தையைப் பள்ளிக்கு அனுப்பத்தான் வேண்டுமா?" என்கிறார் தாயார். "நாங்கள் எல்லாம் வெயிலில் போய்ப் படிக்கவில்லையா?" என்கிறார் தாத்தா. பள்ளியைக் கேட்டால் பாடம் முடியவில்லை என்கிறார்கள். இதற்கு நடுவே திடீரென்று ஒரு நாள் விடுமுறை என்று அறிவிப்பு வருகிறது. அதை ஒரு சாரார் வரவேற்கிறார்கள், மறு சாரார் திட்டுகிறார்கள். அடுத்த ஏப்ரலிலும் இதே கதைதான்.

இதில் என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வெயில் ஏறியதும் பள்ளிகளை வாரக்கணக்கில் பூட்டுவது சரியல்ல. ஒன்றுமே நடக்காதது போல் வழக்கமான நேரத்தில் நடத்துவதும் சரியல்ல. எந்த நாளில், எந்த மணி வரை, எந்த அறையில் பாடம் நடத்தலாம் என்பதை அளந்து பார்த்து முடிவு செய்ய வேண்டும். அளக்காமல் எடுக்கும் முடிவு எதுவானாலும் ஒரு பிரிவுக் குழந்தைகளை வதைத்தே தீரும்.

முதலில் தாத்தாக்களின் வாதம். நானும் அந்த வயதுக்காரன்தான். நாம் படித்த காலத்தில் தமிழ்நாட்டில் ஜூன் மாதம் பள்ளி திறக்கும். ஏப்ரலில் முழுப்பரீட்சை முடிந்தால் அதோடு சரி. இன்று நம் பிள்ளைகளில் பலர் சி.பி.எஸ்.இ. பள்ளிகளில் படிக்கிறார்கள். அங்கே கல்வி ஆண்டு ஏப்ரல் 1ஆம் தேதி தொடங்குகிறது. அதாவது நமக்குப் பள்ளி முடிந்த மாதத்தில் இவர்களுக்குப் புது வகுப்பு ஆரம்பம். நாம் உட்கார்ந்தது ஓட்டுக் கூரையின் கீழ், வாசலில் வேப்பமரம். இவர்கள் உட்காருவது மொட்டை மாடிக்கு நேர் கீழே, கான்கிரீட் தளத்துக்கு அடியில். சில பள்ளிகளில் தகரக் கூரையே உண்டு. ஆகவே "நாங்கள் படிக்கவில்லையா" என்பது ஒப்பிடத் தகாத இரண்டை ஒப்பிடுவதாகும்.

நாக்பூர் வெயிலைப் பற்றி நம் வாசகர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஏப்ரலில் உச்ச வெப்பம் சராசரியாகவே 40 டிகிரியை ஒட்டி நிற்கிறது. மே மாதத்தில் 42, 43. 2013 மே மாதத்தில் 47.9 டிகிரி வரை போயிருக்கிறது. சமவெளியில் 45 டிகிரியைத் தொட்டால் வெப்ப அலை, 47ஐத் தொட்டால் கடும் வெப்ப அலை என்பது வானிலைத் துறையின் வரையறைகளில் ஒன்று. ஆனால் இந்த எண்ணை எங்கே அளக்கிறார்கள் என்பதைப் பலரும் யோசிப்பதில்லை. காற்றோட்டமுள்ள வெள்ளைப் பெட்டிக்குள், நிழலில், தரையிலிருந்து சுமார் நாலடி உயரத்தில் வைத்த வெப்பமானி காட்டும் எண் அது. உங்கள் பிள்ளையின் வகுப்பறையின் எண் அல்ல. வெயிலில் நிறுத்தி வைத்திருந்த பள்ளி வேனின் எண்ணும் அல்ல.

அந்தப் பெட்டிக்குள்ளும் தவறு நேரலாம். 2024 மே மாத இறுதியில் நாக்பூரில் ஒரு தானியங்கி நிலையம் 56 டிகிரி என்று காட்டியது. நாடே பரபரத்தது. கருவியின் கோளாறு என்று வானிலைத் துறை பிறகு விளக்கம் தந்தது. அதற்கு முந்தைய நாள் டில்லி முங்கேஷ்பூரில் பதிவான 52.9 டிகிரியிலும் 3 டிகிரி பிழை இருந்ததாகக் கண்டார்கள். தொலைக்காட்சியில் வரும் ஒரே ஓர் எண்ணை வைத்து நகரத்தின் எல்லாப் பள்ளிகளுக்கும் ஒரே முடிவு எடுப்பது எவ்வளவு தூரம் பொருந்தும்?

ரயில் பாதைப் பராமரிப்பில் இருந்தவன் என்பதால் எனக்கு இங்கே ஒரு விஷயம் நினைவுக்கு வருகிறது. தண்டவாளம் வெயிலில் காற்றைவிட மிக அதிகமாகச் சூடாகும். நம் பகுதியில் மே மாதப் பிற்பகலில் 60 டிகிரியைத் தாண்டும். ஒரு கிலோமீட்டர் தண்டவாளம் 30 டிகிரி கூடுதலாகச் சூடேறினால், தடையில்லாமல் விட்டால் சுமார் 34 சென்டிமீட்டர் நீளும். நீள விடாமல் கட்டையும் ஜல்லியும் பிடித்துக்கொள்வதால் அந்த விசை முழுவதும் உள்ளேயே அடங்கி நிற்கிறது. பிடிமானம் தளர்ந்த இடத்தில் பாதை பக்கவாட்டில் வளைந்துவிடும். இதற்காக ரயில்வே கோடையில் ரயில்களை நிறுத்திவிடுகிறதா? இல்லை. காற்றின் வெப்பத்தை விட்டுவிட்டுத் தண்டவாளத்தின் வெப்பத்தையே அளக்கிறது. இறுக்கமின்றிப் பூட்டிய வெப்பநிலைக்கு மேல் 10 டிகிரி ஏறிவிட்டால் பாதையைத் தளர்த்தும் வேலைகளைத் தொடக் கூடாது. அவற்றை விடியற்காலையிலேயே முடித்துக்கொள்ள வேண்டும். 20 டிகிரி ஏறினால் பாதை நெடுகக் காவலர் நடக்க வேண்டும். எந்த அளவில் எதைச் செய்வது என்பது முன்கூட்டியே எழுதி வைக்கப்பட்டிருக்கிறது. அன்றைக்குக் கூடி யாரும் விவாதிப்பதில்லை.

இரும்புக்கு இவ்வளவு ஏற்பாடு இருக்கும்போது, குழந்தைக்கு ஏன் இருக்கக் கூடாது?

குழந்தையின் உடம்பு பெரியவர் உடம்பின் சிறிய நகல் அல்ல. எடையோடு ஒப்பிட்டால் அதன் தோல் பரப்பு அதிகம். சுற்றிலும் உள்ள காற்று தோலைவிடச் சூடாக இருக்கும்போது வெளி வெப்பம் அதற்குள் வேகமாக ஏறும். வியர்ப்பதும் நம்மைவிடக் குறைவு. விளையாட்டு மும்முரத்தில் தண்ணீர் கேட்கத் தோன்றாது. சென்னை வெயிலில் சட்டை நனைவதால் வியர்ப்பது தெரிகிறது. நாக்பூரின் வறண்ட காற்றில் வியர்வை வந்த உடனே காய்ந்துவிடுவதால், உடம்பு எவ்வளவு நீரை இழந்தது என்பதே தெரிவதில்லை. ஊரிலிருந்து புதிதாக மாற்றலாகி வரும் நம் குடும்பங்கள் இதை முக்கியமாக மனதில் கொள்ள வேண்டும்.

அப்படியானால் மூடிவிடலாமே என்று கேட்பார்கள். மூடுவதற்கும் ஒரு விலை உண்டு. மேற்கு வங்கத்தில் 2022ஆம் ஆண்டு கோடை விடுமுறையை மே 2ஆம் தேதிக்கே முன்னால் இழுத்தார்கள். பிறகு ஜூன் கடைசி வாரம் வரை நீட்டினார்கள். 2024இல் ஏப்ரல் 22க்கே விடுமுறை விட்டார்கள். 2024ஆம் ஆண்டில் உலகெங்கும் 17 கோடிக்கும் மேற்பட்ட மாணவர்களின் படிப்பு வெப்ப அலையால் தடைபட்டதாக யூனிசெப் கணக்கிட்டிருக்கிறது. வசதியுள்ள வீட்டுப் பிள்ளை கூலர் அறையில் உட்கார்ந்து கைப்பேசியில் பாடம் கேட்கும். மாநகராட்சிப் பள்ளியில் படிக்கும் பிள்ளை? அதற்குப் பள்ளியில்தான் மதிய உணவு. பள்ளியில்தான் மின்விசிறி. தாயும் தந்தையும் வேலைக்குப் போய்விட்டால் அது தகரக் கூரை வீட்டில் தனியாக இருக்கும், அல்லது தெருவில் சுற்றும். இப்படிப் பள்ளியை மூடியதால் அந்தப் பிள்ளை வெயிலிலிருந்து தப்பியதாகச் சொல்ல முடியுமா?

நம்மைப் போல வெளி மாநிலத்தில் குடியிருப்பவர்களுக்கு இன்னொரு சங்கடமும் உண்டு. கோடை விடுமுறை என்றால் ஊருக்குப் போவது. கிராண்ட் டிரங்கிலோ தமிழ்நாடு எக்ஸ்பிரஸிலோ இடம் வேண்டுமானால் முன்பதிவு திறக்கும் நாளிலேயே, அதாவது அறுபது நாளுக்கு முன்பே, டிக்கெட் எடுத்தாக வேண்டும். விடுமுறையைப் பத்து நாள் முன்னால் தள்ளி நேற்று மாலை அறிவித்தால், டிக்கெட்டை யார் மாற்றித் தருவது? தேர்வைப் பின்னால் தள்ளினாலும் இதே அவதிதான். 2025இல் இந்த மாநிலத்தில் ஒன்று முதல் ஒன்பது வரையிலான வகுப்புகளுக்கு ஏப்ரல் 25 வரை தேர்வு என்று அட்டவணை வந்தபோது எத்தனை குடும்பங்கள் திண்டாடின! விதர்பாவின் வெயிலை நினைத்துப் பார்க்காத அட்டவணை அது.

நல்ல வழக்கங்களும் நம்மிடையே இல்லாமல் இல்லை. மாநிலத்தின் மற்றப் பகுதிகளுக்குப் பிறகுதான் விதர்பாவில் பள்ளி திறப்பது நெடுநாளைய ஏற்பாடு. 2025இல் மற்ற இடங்களில் ஜூன் 16, இங்கே ஜூன் 23. அதே ஆண்டு கோடைக்குத் தொடக்கப் பள்ளிகள் காலை 7 மணி முதல் 11.15 வரை, உயர்நிலைப் பள்ளிகள் 11.45 வரை என்று மாநிலம் முழுவதற்கும் ஒரே நேரம் வகுத்தார்கள். நோக்கம் நல்லது. ஆனால் மணி அடிப்பதோடு கணக்கு முடிந்துவிடுவதில்லை. 11.45க்கு மணி அடித்தால், நாலு தெரு சுற்றும் வேனில் கடைசிப் பிள்ளை வீடு சேர ஒரு மணி ஆகிவிடுகிறது. சூரியன் தலைக்கு நேரே நிற்கும் வேளையில் அது தகர வண்டிக்குள் இருக்கிறது! பிள்ளை வீடு சேரும் நேரத்திலிருந்து பின்னோக்கி எண்ணித்தான் பள்ளியின் மணியை வைக்க வேண்டும்.

ஆகவே என் யோசனைகள் இவை. ஒவ்வொரு பள்ளியும் மாடியில் உள்ள மிகச் சூடான வகுப்பறையில் ஒரு வெப்பமானி மாட்டட்டும். விலை சில நூறு ரூபாய்தான். அது எந்த அளவைத் தொட்டால் வெளி விளையாட்டை நிறுத்துவது, எந்த அளவில் கீழ்த்தளத்துக்கு மாறுவது, எந்த அளவில் வீட்டுக்கு அனுப்புவது என்று மருத்துவரைக் கலந்து மார்ச் மாதமே எழுதிப் பெற்றோருக்குத் தந்துவிடட்டும். ஏப்ரல் முழுவதும் காலை வகுப்பு. கடைசி வண்டியும் பதினொன்றரைக்குள் பிள்ளைகளை இறக்கிவிட வேண்டும். தேர்வுகள் ஏப்ரல் முதல் வாரத்தைத் தாண்டக் கூடாது. வானிலைத் துறை வெப்ப அலை என்று எச்சரித்த நாளில் மட்டும் விடுமுறை, அதற்கு ஈடு டிசம்பரில் ஒரு சனிக்கிழமை. விடுமுறை நாளிலும் மதிய உணவு தேவைப்படும் பிள்ளைகளுக்குக் காலையிலேயே அது கிடைக்க வழி செய்ய வேண்டும்.

இதனுடன் சில சில்லறைச் செலவுகள். மொட்டை மாடிக்கு வெள்ளைச் சுண்ணாம்பு அடித்தால் தளம் சூடேறுவது கண்கூடாகக் குறையும். 2010 மே மாத வெயிலில் வழக்கத்தைவிட 1,300க்கும் அதிகமான உயிர்களை இழந்த அகமதாபாத், 2013இல் வெப்பத்துக்கென்று தனிச் செயல்திட்டம் வகுத்தது. கூரைக்கு வெள்ளை அடிப்பதையும் அந்நகரம் பின்னர் கையில் எடுத்துக்கொண்டது. கேரளத்தில் 2019இல் தண்ணீர் குடிப்பதற்கென்றே பள்ளிகளில் தனி மணி அடிக்கத் தொடங்கினார்கள். இதற்கு ஒரு பைசா செலவில்லை. கூலர் வைப்பதும் நல்லதே. ஆனால் காற்று வறண்டிருக்கும் வரைதான் கூலர் குளிரும். ஜூனில் ஈரப்பதம் ஏறிவிட்டால் புழுக்கத்தைத்தான் கூட்டும். எனவே மழைக்கு முன்பே அவசரப்பட்டுப் பள்ளி திறக்கக் கூடாது என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

இவற்றை யார் கேட்பது? பெற்றோர் கூட்டங்களில் நம்மவர்கள் மதிப்பெண் பற்றிக் கேட்ட பிறகு பேசாமல் எழுந்து வந்துவிடுகிறோம். வேற்று மாநிலத்தில் இருக்கிறோம், நமக்கு எதற்கு என்ற தயக்கமும் உண்டு. வெயில் மராத்திப் பிள்ளை, தமிழ்ப் பிள்ளை என்று பார்ப்பதில்லை. நம் சங்கத்தின் சார்பில் பத்துப் பெற்றோர் சேர்ந்து, மற்ற மொழிப் பெற்றோரையும் கூட்டிக்கொண்டு, வரும் மார்ச் மாதத்துக்குள் தத்தம் பள்ளி முதல்வரைச் சந்தித்து இரண்டே கேள்விகள் கேட்கட்டும்: "எங்கள் பிள்ளையின் வகுப்பறையில் பிற்பகலில் எத்தனை டிகிரி? கடைசி வண்டி எத்தனை மணிக்கு வீடு சேருகிறது?" இந்த இரண்டுக்கும் பதில் வைத்திருக்கும் பள்ளிக்கு வெயிலிலும் பிள்ளையை நம்பி அனுப்பலாம்.