பிளந்த மரமும் பிறந்த சொல்லும்

சொல்லுக்கும் சாதி உண்டாம்! அரண்மனையில் பிறந்த சொல் உயர்ந்தது, குடிசையில் பிறந்தது தாழ்ந்தது. மந்திரம் ஓதுவோன் வாய்ச்சொல் புனிதம், மரம் பிளப்போன் வாய்ச்சொல் இழிவு. இப்படிப் பேசித் திரிவோரை நார்வே நாட்டுப் பனிமலைக்கு அழைக்கிறோம்.

பனியில் சறுக்கிச் செல்லும் பலகையை உலகம் ‘ஸ்கீ’ என்கிறது. நார்வே மக்கள் ‘ஷீ’ என்று ஒலிக்கின்றனர். அதன் பொருள் என்ன? தேவன் தந்த தேரா? தேவியின் திருவடியா? இல்லை! பழைய நார்ஸ் மொழியின் ‘ஸ்கீத்’ என்பதே அதன் மூலம். பிளந்த மரத்துண்டு என்பதே அதன் பொருள்.

‘உல்’ என்றொரு கடவுளையும் ‘ஸ்காதி’ என்றொரு பெண் தெய்வத்தையும் சறுக்குப் பலகையில் ஏற்றி வைத்தது வடபுலப் புராணம். அந்தப் புராணம் ஏட்டில் ஏறியது 13ஆம் நூற்றாண்டில். சுவீடனின் கால்வ்த்ரெஸ்க் சதுப்பில் 1924இல் கிடைத்த சறுக்குப் பலகையோ ஏறத்தாழ 5,200 ஆண்டுப் பழமையுடையது! கதை பிந்தியது, கருவி முந்தியது. சொல்லைப் பிளந்து பார்த்தோம். உள்ளே கடவுளைக் காணோம். கோடரி ஏந்திய உழைப்பாளியைக் கண்டோம்.

‘ஸ்லாலம்’ என்ற சொல்லைக் காண்போம். ‘ஸ்லா’ என்றால் சரிவு. ‘லோம்’ என்றால் தடம். டெலிமார்க் வட்டாரத்து உழவர் பேச்சு அது. அந்த வட்டாரத்துக் குத்தகைக் குடியானவர் சோந்த்ரே நூர்ஹைம், 1868இல் தலைநகர் கிறித்தியானியாவில் நடந்த போட்டியில் வென்றார். ஊரின் பெயரே ‘டெலிமார்க்’ திருப்பம் என்று நிலைத்தது. 1936 குளிர்கால ஒலிம்பிக்கில் ‘ஸ்லாலம்’ ஏறியது. எந்தப் பண்டிதர் சான்றிதழ் தந்தார்? எந்தக் குரு தீட்சை அளித்தார்?

அதே நாட்டில் ஆட்சியிலும் கோயிலிலும் அமர்ந்திருந்தது டேனிய எழுத்துமொழி. 1814இல் டென்மார்க்கின் பிடி அகன்றது. டேனிய மொழியின் பிடி அகலவில்லை. உழவர் மகன் ஈவார் ஓசன் ஊர் ஊராக நடந்தார். மக்கள் பேச்சைத் திரட்டினார். 1848இல் இலக்கணமும் 1850இல் அகராதியும் தந்தார். 1885இல் நாடாளுமன்றம் அம்மொழிக்குச் சமநிலை வழங்கியது. அருள்வாக்கு வரவில்லை, உழைப்பு வென்றது!

‘வெட்டுதலைக் குறிக்கும் சித் என்ற வேர் வடமொழியில் உண்டே, ஆகவே ஸ்கீக்கும் வடமொழியே தாய்’ என்று யாரேனும் குதிக்கக்கூடும். பொறுங்கள்! இலத்தீனின் ‘ஸ்கிந்தெரே’, கிரேக்கத்தின் ‘ஸ்கிசோ’, வடமொழியின் ‘சித்’, நார்ஸின் ‘ஸ்கீத்’ ஆகிய அனைத்தும் ஒரு மூல வேரின் கிளைகள் என்பது மொழிநூல் முடிவு. கிளை, கிளைக்குத் தாய் ஆகுமா? உடன்பிறந்தாளைத் தாய் என்று அறிவித்து, அவள் பெயரால் ஆதிக்கம் நாடுவது ஆராய்ச்சியா?

இளைஞர்களே! பனியே பெய்யாத ஊரில் இருந்துகொண்டு நாம் ‘பனிச்சறுக்கு’ என்கிறோம். கேட்டவர்க்கு உடனே பொருள் விளங்குகிறது. சறுக்கு மரம் கண்ட சிறுவனுக்கும் விளங்குகிறது. சொல்லின் பெருமை அதன் பயனில் இருக்கிறது, பீடத்தில் இல்லை. எவரேனும் ஒரு சொல்லைக் காட்டி வணங்கச் சொன்னால், வணங்காதீர், வேரைக் கேளுங்கள்!