உலை தயார், குப்பை தயாரா?

சென்னையின் பெருங்குடி, கொடுங்கையூர் கிடங்குகளில் பல பத்தாண்டுகளாகக் குவிந்த குப்பையைத் தோண்டிச் சலிக்கும் வேலை நடந்துவருகிறது. மண்ணும் கல்லும் கண்ணாடியும் தனித்தனியே பிரிந்துபோனபின் எஞ்சுபவை மண் அப்பிய பாலித்தீன் பைகள், நைந்த துணி, அறுந்த செருப்பு, பிஸ்கட் உறைகள். எந்தக் காயலான் கடையும் இவற்றை எடைக்கு எடுக்காது. இவைதான் பொதிகளாகக் கட்டப்பட்டு, அரியலூர் வட்டாரம் போன்ற இடங்களின் சிமென்ட் ஆலைகளுக்கு லாரி ஏறுகின்றன. நிலக்கரியோடும் பெட்ரோலியக் கரியான பெட்கோக்கோடும் சேர்ந்து எரிகின்றன. இது வரவேற்க வேண்டிய ஏற்பாடு. ஆனால் இதன் வெற்றி தோல்வியைத் தீர்மானிக்கும் இடம் ஆலையின் உலையல்ல, வீட்டு வாசலில் குப்பை கைமாறும் இடம். அரசின் பணமும் கண்டிப்பும் முதலில் அங்கே இறங்க வேண்டும்.

மறுசுழற்சிக்கு வழியில்லாத குப்பையை எரித்தே ஆக வேண்டும் என்றால், சிமென்ட் உலையைவிடப் பொருத்தமான இடம் அரிது. அதன் சுடர் 2,000 டிகிரி செல்சியஸை ஒட்டியது. உள்ளே செல்லும் சுண்ணாம்புக்கல் கலவை 1,450 டிகிரி வரை சூடேறித்தான் சிமென்ட்டின் மூலப்பொருளான கிளிங்கர் ஆகிறது. எரியும்போது எழும் அமில வாயுக்களில் பெரும்பகுதியைச் சுண்ணாம்பே பிடித்துவைத்துக்கொள்கிறது. சாம்பலும் கிளிங்கரோடு கலந்துவிடுவதால் தனியே புதைக்க எதுவும் மிஞ்சுவதில்லை. குப்பையிலிருந்து மின்சாரம் எடுக்கும் எரிஉலைகளில் சாம்பலைக் கொண்டுபோய்க் கொட்ட இன்னோர் இடம் தேட வேண்டும். கொடுங்கையூரில் அப்படியோர் ஆலை அமைக்கும் திட்டத்தை வடசென்னை மக்கள் எதிர்ப்பதை இத்துடன் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஏற்கெனவே எரிந்துகொண்டிருக்கும் உலைகளைப் பயன்படுத்தாமல் புதிய உலை எழுப்புவானேன் என்பது நியாயமான கேள்வி.

இருந்தும் இந்திய சிமென்ட் ஆலைகள் தங்களுக்குத் தேவையான வெப்பத்தில் மிகச் சிறிய பங்கையே இவ்வகை எரிபொருளிலிருந்து பெறுகின்றன. ஜெர்மனியில் அது பாதிக்கும் மேல். அங்கே பதப்படுத்தாத நகரக் குப்பையைப் புதைக்க 2005-லேயே தடை வந்தது. பிரித்துக் கொடுக்கும் பழக்கமும் வேரூன்றியிருந்தது. இங்கே சட்டம் இல்லாமல் இல்லை. கிலோவுக்கு 1,500 கிலோ கலோரிக்குக் குறையாத வெப்பம் தரும், மறுசுழற்சிக்கு உதவாத குப்பையைக் கிடங்கில் கொட்டக் கூடாது என்றன 2016-ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள். குப்பையை எரிபொருளாக்கும் ஆலையிலிருந்து 100 கிலோமீட்டருக்குள் உள்ள தொழிற்சாலைகள் தம் எரிபொருளில் 5 சதவீதத்தையாவது அதைக் கொண்டு ஈடுசெய்ய வேண்டும் என்றும் சொல்லின. தடுமாற்றம் சரக்கில் இருக்கிறது. சோற்று மிச்சமும் காய்கறித் தோலும் கலந்த குப்பையில் ஈரம் 35 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், 10 டன் ஏற்றிய லாரி சுமப்பதில் மூன்றரை டன் வெறும் தண்ணீர். சென்னையிலிருந்து அரியலூருக்கு 250 கிலோமீட்டருக்கும் மேல் அதைச் சுமந்து சென்று, கிலோவுக்கு ஏறத்தாழ 600 கிலோ கலோரி செலவிட்டு உலைக்குள் ஆவியாக்குவதில் யாருக்கு லாபம்? பி.வி.சி. குழாய்த் துண்டுகளும் ரெக்சினும் கலந்துவிட்டால் குளோரின் ஏறுகிறது. அது உலைக்கும் முன்சூடேற்றிக்கும் இடையே சுற்றிச் சுற்றி வந்து, உட்சுவரில் படிந்து இறுகி, கடைசியில் உற்பத்தியையே நிறுத்திவிடும். ஆலை வாசலில் மாதிரி எடுத்துச் சோதித்து லாரியைத் திருப்பி அனுப்பும் மேலாளரைக் குறை சொல்ல முடியாது.

பிளாஸ்டிக்கை எரித்தால் நச்சுப் புகை வராதா என்ற அச்சத்தை அறியாமை என்று தள்ளுவது தவறு. அந்தப் புகையில் அஞ்சப்படும் டயாக்சின் என்னும் நச்சு சிதையத் தேவையான வெப்பம் உலையில் தாராளமாக உண்டு. ஆனால் உலை மூட்டும்போதும் அணைக்கும்போதும் அந்த வெப்பம் சீராக இருப்பதில்லை. அவ்வேளைகளில் குப்பையை உள்ளே விடாதிருப்பதே பாதுகாப்பு. குப்பை எரிக்கும் சிமென்ட் ஆலைகளுக்குக் கனமீட்டருக்கு 0.1 நானோகிராம் என்று டயாக்சின் வரம்பு வகுக்கப்பட்டிருக்கிறது. தூசியைப் போல இதை நொடிக்கு நொடி அளக்க முடியாது. அவ்வப்போது மாதிரி எடுத்துத்தான் சோதிக்க வேண்டும். அந்தச் சோதனை எப்போது நடந்தது, முடிவு என்ன என்பதைச் சுண்ணாம்புக்கல் சுரங்கத் தூசியோடும் லாரிப் போக்குவரத்தோடும் வாழும் அரியலூர் கிராமத்தார் தமிழில் படித்தறியும்படி மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் வெளியிட வேண்டும். காகிதத்தில் மட்டும் இருக்கும் வரம்பால் யாருக்கும் நம்பிக்கை வராது.

எல்லாவற்றையும் உலையில் தள்ளிவிடலாம் என்ற எண்ணம் வந்தால் மறுசுழற்சி நசிந்துவிடும் என்ற எதிர்வாதத்திலும் உண்மை இருக்கிறது. மாநகராட்சிகள் ஒப்பந்ததாரருக்கு எடைக்கு எடை பணம் தரும்வரை, அட்டையும் பால் கவரும்கூட எரிபொருள் கணக்கில் ஏறிவிடும். குப்பை பொறுக்கிப் பிழைப்பவர்களின் கூலியும் அதோடு போகும். அவர்கள் கைபட்டுக் கழிந்த மிச்சம் மட்டுமே உலைக்குப் போக வேண்டும் என்பது ஒப்பந்தத்தில் எழுதப்பட வேண்டும். பருவநிலையைக் காக்கும் வழி இது என்று ஆலைகள் பெருமை பேசுவதிலும் அளவு வேண்டும். சிமென்ட் தயாரிப்பில் வெளியாகும் கரியமில வாயுவில் ஏறத்தாழ 60 சதவீதம் சுண்ணாம்புக்கல் பிரிவதிலிருந்தே வருகிறது. எரிபொருளை மாற்றினாலும் அது குறையாது. பிளாஸ்டிக்கும் பெட்ரோலியத்தில் பிறந்ததுதான். நிலக்கரியும் பெட்கோக்கும் ஓரளவு மிச்சமாகும், கிடங்கில் குப்பை மலை வளராது. இந்த இரண்டு நன்மைகளே போதுமானவை, மிகைப்படுத்தத் தேவையில்லை.

பழைய கிடங்கைக் காலி செய்வது ஒரு முறை வேலை. சென்னையில் மட்டும் அன்றாடம் 5,000 டன்னுக்கும் மேல் புதிய குப்பை சேர்கிறது. அது கலந்தே வந்தால் பெருங்குடியை எத்தனை முறை தோண்டினாலும் தீராது. பிரிக்காத குப்பையை வாங்க மறுக்கும் அதிகாரமும் அதற்கேற்ற வண்டியும் தூய்மைப் பணியாளருக்கு வேண்டும். மக்கும் குப்பை அந்தந்த மண்டலத்திலேயே உரமாகட்டும். உலர்ந்ததை ஏற்றும் லாரிச் செலவை, 2022 முதல் பிளாஸ்டிக் உறைகளுக்குப் பொறுப்பேற்க வேண்டிய தயாரிப்பு நிறுவனங்களிடம் வசூலிக்கலாம். 100 கிலோமீட்டர் எல்லைக்குள்ளேயே அரியலூருக்குத் திருச்சியும் தஞ்சாவூரும், மதுக்கரை சிமென்ட் ஆலைக்குக் கோவையும் இருக்கின்றன. தொலைதூரச் சென்னைக்காகக் காத்திராமல், பிரித்த குப்பையை அருகிலுள்ள உலைக்கு அனுப்பும் முறையை இந்த மாநகராட்சிகளில் அரசு உடனே தொடங்க வேண்டும்.