இந்தப் புதிர் யாருடையது?

சதுரங்கம் ஆடத் தெரிந்தவர்களின் கைத்தொலைபேசிக்கு அடிக்கடி ஒரு படம் வந்து சேரும். பலகையில் ஐந்தாறு காய்கள். மேலே, 'வெள்ளை நான்கு நகர்வுகளில் வெல்ல வேண்டும். நூற்றில் ஒருவரால்தான் முடியும்' என்று ஒரு வரி. கீழே நெருப்பும் மூளையுமாகப் பொம்மைப் படங்கள். அனுப்பியவரின் பெயர் இருக்கும். புதிரை அமைத்தவரின் பெயர் மட்டும் இருக்காது.

இவை எல்லாமே யாரோ இருவர் ஆடிக்கொண்டிருந்தபோது தானாக வந்த நிலைகள் என்றுதான் பலர் நினைக்கிறார்கள். இவற்றுள் பல அப்படி வந்தவை அல்ல. ஒருவர் மேசையில் அமர்ந்து, ஒரு காயை இங்கே வைத்து, பிறகு அங்கே வைத்து, வேறொரு வழியிலும் விடை வந்துவிடுகிறதா என்று திரும்பத் திரும்பச் சோதித்து அமைத்தவை. சொல்லைத் தேடிக் கவிதை எழுதுவது போன்ற வேலை. கவிஞரின் பெயரை விட்டுவிட்டுக் கவிதையை மட்டும் யாராவது எடுத்துப் போட்டால் நமக்குக் கோபம் வருகிறது. புதிருக்கு மட்டும் ஏன் வருவதில்லை? விடையைக் கண்டுபிடிப்பது பாதி வேலைதான், அது யாருடையது என்று கண்டுபிடிப்பது மற்றப் பாதி என்பது என் கட்சி. உயர்தரப் பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைக்கு இது தேவையா என்று கேட்கும் பெற்றோருக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன்.

நான் தேடிப் பார்த்தவற்றில் மிகவும் பிடித்ததை முதலில் சொல்கிறேன். அந்தப் புதிரில் நான்கே காய்கள். வெள்ளைக்கு அரசனும் ஒரு காலாளும். கறுப்புக்கு அரசனும் ஒரு கோட்டையும். வெள்ளைக் காலாள் ராணியாக மாற இன்னும் இரண்டே கட்டங்கள். கறுப்பு அரசனோ பலகையின் மூலையில் முடங்கிக் கிடக்கிறான். கறுப்புக் கோட்டை வெள்ளை அரசனை ஓயாமல் துரத்துகிறது. கடைசியில் காலாள் எட்டாம் வரிசையை அடைகிறது. எல்லாரும் செய்வது போல அதை ராணியாக்கினால் கறுப்புக் கோட்டை தன்னையே பலி கொடுக்கிறது. ராணி அதை வெட்டியே ஆக வேண்டும். வெட்டியதும் கறுப்பு அரசனுக்கு நகர இடமே இல்லை, ஆட்டம் சமநிலை. ஆனால் காலாளை ராணியாக்காமல் கோட்டையாக்கினால்? அதே பலியைக் கொடுத்தாலும் கறுப்பு அரசனுக்கு நகர ஒரு கட்டம் மிஞ்சுகிறது, சமநிலை கிடைப்பதில்லை. கறுப்பு வேறு வழியில் தப்பப் பார்த்தால், வெள்ளை அரசனின் ஒரே ஓரடி கோட்டையையும் தாக்குகிறது, மூலையில் நிற்கும் அரசனுக்கும் முடிவு கட்டுகிறது. பெரியதை விட்டுச் சிறியதைக் கேட்டதால் வெற்றி!

இதைப் பார்த்ததும், ஏதோ ஒரு மேதை தனியறையில் அமர்ந்து இதைச் செதுக்கியிருப்பார் என்றுதான் யாருக்கும் தோன்றும். மூலத்தைத் தேடிப் போனால் கதை வேறு. 1875இல் பென்டன், பொட்டர் என்ற இருவர் ஆடிய ஓர் ஆட்டம் சமநிலையில் முடிந்தது. பென்டன் வென்றிருக்கலாம் என்று சுக்கர்டோர்ட் என்ற பெரிய ஆட்டக்காரர் காட்டினார். இருபது ஆண்டுகள் கழித்து, 1895இல் பொட்டர் காலமானார். கிளாஸ்கோ நகரின் 'வீக்லி சிட்டிசன்' பத்திரிகையில் சதுரங்கப் பகுதி எழுதிவந்த பார்பியே என்பவர், அவர் நினைவாக அந்த ஆட்டத்தின் முடிவை ஞாபகத்திலிருந்து எடுத்துப் போட்டார். ஞாபகம் சற்றுப் பிசகிவிட்டது. பிசகிய நிலையை மேலும் கொஞ்சம் மாற்றி, 'கறுப்பு ஆடிச் சமநிலை பெற வேண்டும்' என்று மே 4ஆம் திகதி ஒரு புதிராகக் கொடுத்தார். மே 11ஆம் திகதி, கோட்டையைப் பலி கொடுக்கும் அந்தத் தந்திரத்தை விடையாகவும் வெளியிட்டார். அப்போது கிளாஸ்கோவில் வசித்த பெர்னாண்டோ சாவேத்ரா என்ற ஸ்பானியப் பாதிரியார், 'ராணி வேண்டாம், கோட்டையாக்குங்கள், வெள்ளை வெல்லும்' என்று காட்டினார். மே 18ஆம் திகதிப் பத்திரிகையில் பார்பியே அதை அவருடைய பெயரோடு வெளியிட்டார்.

சாவேத்ரா பெரிய ஆட்டக்காரர் அல்லர். அவர் பெயர் இன்று உலகெங்கும் நிற்பது இந்த ஒரே நகர்வுக்காக. அது நிற்பதற்கு இருவர் காரணம். ஒருவர் பார்பியே. தன் விடை பிழை என்று ஊரறியச் சொல்லி, பிழையைக் கண்டவரின் பெயரையும் அடுத்த வாரமே அச்சிட்டார். மற்றவர் ஜோன் செல்மன் என்ற ஒல்லாந்துக்காரர். வெகுகாலம் கழித்துப் பழைய பத்திரிகைகளைத் தேடி எடுத்து, யார் எதைச் செய்தார், எந்த வாரம் செய்தார் என்று வரிசைப்படுத்தியவர். அவர் தேடியிராவிட்டால் நான் மேலே எழுதிய திகதிகளில் ஒன்றையும் எழுதியிருக்க முடியாது.

'விடை தெரிந்தால் போதாதா? கணினி ஒரு நொடியில் சொல்லிவிடுமே' என்று என் வகுப்புத் தோழி கேட்கிறாள். விடையைக் கணினி சொல்லும்தான். ஒரு நினைவுப் பிசகும், ஒரு மரணச் செய்தியும், ஒரு பாதிரியாரும், ஒரு நேர்மையான பத்திரிகைக்காரரும் சேர்ந்து இந்த நான்கு காய்களை இப்படி நிறுத்தினார்கள் என்பதைப் பலகையை எவ்வளவு நேரம் உற்றுப் பார்த்தாலும் அது சொல்லாது.

இன்னொரு புதிர், இதைவிடப் பழையது. 1845இல் லண்டனில் ஸ்டோன்டன் நடத்திய சதுரங்கச் சஞ்சிகையில் வெளிவந்தது. அனுப்பியவர் இந்தியாவிலிருந்து அனுப்பியிருந்தார். போட்டுக்கொண்ட பெயர் 'ஷாகிர்த்'. பாரசீகத்திலும் உருதுவிலும் அதற்கு மாணவன் என்று பொருள். அதில் வெள்ளை மந்திரி காரணமே தெரியாத மாதிரி பலகையின் ஓரத்துக்குப் பின்வாங்குகிறது. பிறகு வெள்ளைக் கோட்டை அதன் வழியை மறித்துக்கொண்டு வந்து நிற்கிறது. தன் மந்திரியைத் தானே மறிப்பதா என்று நமக்குத் தோன்றும். மறிக்காவிட்டால் கறுப்பு நகர இடமின்றிச் சமநிலையாகிவிடும். மறித்ததும் கறுப்பு அரசன் அந்த மந்திரியின் வழியிலேயே காலை வைக்கிறான். கோட்டை விலகுகிறது, மந்திரியும் கோட்டையும் ஒரே நேரத்தில் தாக்குகின்றன, ஆட்டம் முடிகிறது.

இதற்கு 'இந்தியப் புதிர்' என்றே பெயர் நிலைத்துவிட்டது. கோட்ஸ், கொக்கெல்கோர்ன் என்ற இரு ஜெர்மானியர்கள் 1903இல் இதைப் பற்றி ஒரு நூலே எழுதினார்கள். 'ஷாகிர்த்' என்ற பெயரை மட்டும் வைத்துக்கொண்டு நம்மவர்கள் பதிவு எழுதியிருந்தால் டில்லியில் ஒரு நவாபையே உருவாக்கியிருப்பார்கள்! உண்மையில் அவர் இந்தியாவில் பணியாற்றிய ஹென்றி லவ்டே என்ற ஆங்கிலேயப் பாதிரியார். (இதிலும் ஒரு பாதிரியார். ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கம் முடிந்ததும் இவர்களுக்கு நேரம் நிறையக் கிடைத்திருக்க வேண்டும்.)

நவாபைப் பற்றி வேடிக்கையாகச் சொன்னாலும், எனக்கு உண்மையில் வலிக்கிற இடம் அதுதான். 'ஆயிரம் ஆண்டுகளாக யாராலும் தீர்க்க முடியாத முஸ்லிம்களின் புதிர்' என்ற பதிவை நீங்களும் பார்த்திருக்கலாம். அதில் உண்மை இருக்கிறது. அப்பாஸியர் காலத்தில் வாழ்ந்த அபூபக்ர் அஸ்-ஸூலியின் பெயரால் அறியப்படும் புதிர் அது. இஸ்லாமிய நாகரிகம் படிக்கும் தோழிகளுக்கு அந்தக் காலம் பழக்கமானது. அஸ்-ஸூலி வரலாற்றாசிரியர், இலக்கியவாதி, கலீபா அல்-முக்தபியின் அவையில் அல்-மாவர்தி என்ற புகழ்பெற்ற ஆட்டக்காரரை வென்றவர். அந்தப் புதிரின் விடையை ரஷ்யரான யூரி அவெர்பாக் 1980களில்தான் விளக்கினார். பதிவுகளில் இந்தப் பெயர்கள் எதுவும் இருப்பதில்லை. 'நம்மவர்கள்' என்ற சொல் மட்டும் மூன்று இடத்தில் இருக்கும். இன்னும் சில பதிவுகள், சதுரங்கத்தையே கண்டுபிடித்தவர்கள் நாங்கள்தான் என்கின்றன.

இந்தப் பிழையை முன்பே திருத்தியவர் யார் தெரியுமா? இப்னு கல்லிகான். 13ஆம் நூற்றாண்டில் எழுதிய வாழ்க்கை வரலாற்று நூலில் அவர் அஸ்-ஸூலியின் திறமையைப் புகழ்கிறார். அதோடு, அஸ்-ஸூலிதான் சதுரங்கத்தைக் கண்டுபிடித்தார் என்று நம்பும் பலரைத் தாம் சந்தித்ததாகவும், அது தவறு என்றும், அதை உருவாக்கியவர் ஓர் இந்தியர் என்றும் எழுதுகிறார். தம்முடைய பண்பாட்டின் பெருமைக்குரிய ஒருவருக்கு அவருக்குரியது அல்லாத புகழைக் கொடுக்க அவர் சம்மதிக்கவில்லை. எழுநூறு ஆண்டுகளுக்கு முன்பு அவர் செய்ததை, கையில் இணையம் உள்ள நாம் செய்யவில்லை. யார் சொன்னார், அவருக்கு யார் சொன்னார் என்று கேட்டுக் கேட்டு அறிவைச் சேகரித்த மரபு நம்முடையது. ஹதீஸின் ஸனதையும் ஒரு விளையாட்டையும் சமமாக வைக்கிறேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். அந்தப் பழக்கத்தில் வளர்ந்த நாம் மற்ற விடயங்களில் இவ்வளவு அசட்டையாக இருக்கிறோமே என்பதுதான் என் கேள்வி.

'மன்ஸூபா' என்று அரபியர் அழைத்த இப்படியான புதிர்கள் ஐந்நூறுக்கும் மேற்பட்டவற்றை ஒன்றுசேர்த்துத் தந்தவர் எச்.ஜே.ஆர். மரே என்ற ஆங்கிலேயர். அவர் பாடசாலைகளைப் பரிசோதிக்கும் அதிகாரி. கையெழுத்துப் பிரதிகளைப் படிப்பதற்காகவே அரபு மொழியைக் கற்றுக்கொண்டு, 1913இல் சதுரங்கத்தின் வரலாற்றை வெளியிட்டார். அரபு எழுத்துகளைச் சிறுவயதிலேயே ஓதப் பழகிய எங்களில் எத்தனை பேர் அந்தப் பிரதிகளின் ஒரு பக்கத்தையாவது பார்த்திருக்கிறோம்?

சதுரங்கம் ஆடுவது பற்றி மார்க்க அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு இருப்பது எனக்குத் தெரியும். அந்த விவாதம் இக்கட்டுரைக்கு வெளியே. பந்தயம் வைத்து ஆடுவது கூடாது என்பதில் மட்டும் வேறுபாடு இல்லை. அதனால்தான் திலாராமின் கதை எனக்கு உறுத்துகிறது. ஒருவன் சூதாடித் தோற்று, கடைசியில் மனைவி திலாராமையே பந்தயமாக வைக்கிறான். ஆட்டம் கைநழுவும்போது அவள், 'இரண்டு கோட்டைகளையும் கொடு, என்னைக் கொடாதே' என்கிறாள். அவன் அப்படியே செய்கிறான். முதல் கோட்டை பலியாகிறது. அந்தக் காலத்தில் இன்றைய மந்திரியின் இடத்தில் நின்றது யானை. அது குறுக்காக இரண்டாம் கட்டத்துக்குத் தாவும், இடையில் காய் நின்றாலும் தாண்டிவிடும். யானை தாவி வழிவிட, இரண்டாவது கோட்டையும் வந்து பலியாகிறது. பின் ஒரு காலாளும் குதிரையும் முடித்துவைக்கின்றன.

கதை பல வடிவங்களில் உலவுகிறது. எல்லாவற்றிலும் திலாராமின் அழகு வருணிக்கப்படுகிறது, அந்தக் கணவன் வென்றதாகச் சொல்லப்படுகிறது. வென்றது யார்? பலகையைப் படித்தவள் அவள். இப்படி ஒரு பெண் உண்மையில் இருந்தாள் என்று நான் சொல்லவில்லை. கற்பனைக் கதையில்கூட நகர்வைக் கண்டவரிடமிருந்து அதன் பெயரை எடுத்து, ஆடியவரிடம் கொடுத்துவிடுவது எவ்வளவு இலகு என்பதைப் பாருங்கள்.

இனி நம் வகுப்பறைக்கு வருவோம். மீலாத் விழாப் பேச்சுப் போட்டிக்குப் பேச்சு எங்கிருந்து வருகிறது? ராத்தா பேசியது தங்கைக்கு, தங்கை பேசியது மாமி மகளுக்கு. முதலில் எழுதியவர் யாரென்று குடும்பத்தில் ஒருவருக்கும் தெரியாது. ஒப்படைகளும் அப்படித்தான். இணையத்தில் எடுத்து, எழுத்துருவை மாற்றி, அழகான அட்டை போட்டால் முடிந்தது. பெற்றோரே, பிள்ளை எத்தனை பக்கம் எழுதினாள் என்று பார்ப்பதோடு, எங்கிருந்து எடுத்தாள் என்றும் ஒரு கேள்வி கேளுங்கள். திட்டுவதற்காக அல்ல. கேட்டால் தேடுவாள். தேடினால் அவளுக்கே சுவாரசியம் பிடித்துவிடும், எனக்குப் பிடித்தது போல.

தேடுவது பெரிய வித்தையும் அல்ல. ஒல்லாந்தைச் சேர்ந்த ஹரல்ட் வான் டெர் ஹெய்டன், ஆட்ட இறுதிப் புதிர்களை மட்டும் எண்பதாயிரத்துக்கும் மேல் திரட்டி, அமைத்தவர், வெளிவந்த இடம், ஆண்டு என்று குறித்து வைத்திருக்கிறார். படத்தை இடம் வலமாகத் திருப்பியிருப்பார்கள், கறுப்பை வெள்ளையாக்கியிருப்பார்கள். அதைக் கவனித்தால் போதும். புதிதாகப் புதிர் அமைப்பவர்களும் தமக்கு முன் வேறு யாராவது அதே எண்ணத்தைச் செய்திருக்கிறார்களா என்று தேடிப் பார்த்துவிட்டே வெளியிடுகிறார்கள். செய்திருந்தால் முன்னவருக்கே முதல் இடம். அவர்களிடையே அது எழுதாச் சட்டம்.

இந்தச் சஞ்சிகையிலும் ஒவ்வோர் ஆண்டும் புதிர்ப் பக்கம் ஒன்று வருகிறது. அடுத்த இதழிலிருந்து ஒவ்வொரு புதிரின் கீழும் மூன்று விடயங்களை அச்சிடுமாறு இதழ்க் குழுவைக் கேட்கிறேன்: யார் அமைத்தது, எங்கே வந்தது, எந்த ஆண்டு. தேடியும் கிடைக்காவிட்டால் 'அமைத்தவர் அறியப்படவில்லை' என்று போடுங்கள், அந்த இடத்தை வெறுமையாக விடாதீர்கள். சதுரங்கப் புதிர்களைத் தேடித் தரும் பொறுப்பை நான் ஏற்கிறேன். கணக்குப் புதிர்களுக்கு யாராவது கையை உயர்த்துங்கள்.